மஞ்சள் விளக்குக்குப் பின் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்

"வண்டி நிக்கும்," என்றார் மாமனார்.

"நிக்காது," என்றார் மாப்பிள்ளை.

"லைட் எரிஞ்சா நேரா பெட்ரோல் பங்க்குக்குப் போகணும். முப்பத்து மூணு வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன்."

"நீங்க சொல்றது அனுபவம் மாமா. நான் சொல்றது கணக்கு."

மாப்பிள்ளை பள்ளியில் கணக்கு வாத்தியார். கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு நீல நோட்டுப் புத்தகத்தில் அதன் ஜாதகத்தையே எழுதி வைத்திருந்தார். எத்தனை லிட்டர் போட்டார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது எல்லாம் அதில் இருக்கும். மனைவியின் பிறந்த நாள் மறந்துபோகும். போன வருடம் மூன்றாவது முறை டேங்க்கை நிரப்பிய நாள் மறக்காது.

அந்த நோட்டின்படி, மஞ்சள் விளக்கு எரியும்போது டேங்க்கில் நான்கு லிட்டர் இருக்கும். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். ஆகவே விளக்கு எரிந்த பிறகும் வண்டி ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியே தீர வேண்டும். விளக்கு எரிந்து இதுவரை இருபத்தொன்று ஓடியாயிற்று. ரயில் நிலையம் பதினெட்டு. ஆக முப்பத்தொன்பது. போய்ச் சேர்ந்த பிறகும் சுளையாக ஒரு லிட்டர் மிச்சம்.

"ரயில் நிலையம் வரைக்கும் போயிட்டா, இனிமே உங்க வண்டியில நான் வாயே திறக்க மாட்டேன்," என்றார் மாமனார். "போகலேன்னா?"

"போகலேன்னா நீங்க ஊருக்கே போக வேண்டாம். அடுத்த கோடை லீவு வரைக்கும் இங்கயே இருங்க. முன்சீட்டு உங்களுக்குத்தான். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

சொன்ன பிறகுதான் வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏனென்றால், மாமனார் நான்கு நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்து, இன்றோடு எழுபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் காரில் முன்சீட்டில்தான் உட்கார்ந்தார். "கியரை மாத்துங்க மாப்ளே", "ஹாரன் அடிங்க மாப்ளே", "அந்த லாரி மூஞ்சியே சரியில்ல, ஒதுங்குங்க மாப்ளே" என்று ஓட்டாமலேயே ஓட்டினார். அவர் பக்கத்தில் பிரேக்கே கிடையாது. இருந்தாலும் மிதி மிதியென்று மிதித்து, காலடி விரிப்பில் ஒரு ஓட்டையே போட்டுவிட்டார். வாத்தியார் பள்ளிக்குப் போன நேரத்தில் தெருமுனை மெக்கானிக் கடையில் போய் உட்கார்ந்து, அவனுக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று பதினொன்று நாற்பது ரயில். அது போய்விட்டால் வாத்தியாருக்கு விடுதலை.

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்று கேட்டாள் மனைவி. "போற வழியில மூணு பங்க் இருக்கு. ஏதாவது ஒண்ணுல போட்டுத் தொலைங்களேன்."

"போட்டா சோதனை கெட்டுடும். ஆபத்துக்கு டிக்கியில கேன்ல அஞ்சு லிட்டர் வச்சிருக்கேன், போதுமா?"

பத்தரைக்குக் கிளம்பினார்கள். வாத்தியார் மணிக்கு நாற்பதுக்கு மேல் போகவில்லை. சிக்கனத்துக்காக ஏசியை அணைத்தார். காற்று உள்ளே புகுந்தால் வண்டியை இழுக்கும் என்று கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார். உள்ளே மூன்று பேரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல் வெந்தார்கள். சைக்கிளில் வந்த தபால்காரர் ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார், இரண்டு வீட்டில் கடிதம் கொடுத்தார், ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார், மறுபடியும் முந்திக்கொண்டு போனார்.

"மாப்ளே, ரயில் போயிடும்," என்றார் மாமனார் கவலையாக.

"போகாது மாமா. மணி பத்து ஐம்பத்தஞ்சுதான்."

முள் பூஜ்யத்தைத் தொட்டது. அதற்குக் கீழே போக இடமில்லாததால் அங்கேயே படுத்துக்கொண்டது. வாத்தியாருக்கு நெற்றியில் வேர்த்தது. எடையைக் குறைத்தால் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடும் என்று நோட்டில் பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்ன பார்வை அது?" என்றாள் அவள்.

"இல்லம்மா... ஒரு டாக்ஸி பிடிச்சு நீ முன்னாடி போயிடேன். எழுபத்திரண்டு கிலோ குறைஞ்சா..."

"அறுபத்தெட்டு!"

அந்த ஒரு சொல்லுக்குக் காரின் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஓரமாக நிறுத்தச் சொன்னாள், இறங்கினாள், படாரென்று கதவைச் சாத்தினாள், வந்த டாக்ஸி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாள். டிக்கியைத் திறந்து, "இதுவும் எடைதானே? இதுவும் எடைதானே?" என்று ஒவ்வொன்றாக எடுத்து டாக்ஸியில் ஏற்றினாள். பெட்டி, பை, குடை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் போயின. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்து, ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கார் பஞ்சுபோல் ஓடியது. வாத்தியார் மெல்ல விசிலடிக்க ஆரம்பித்தார். ரயில் நிலையத்துக்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர். முன்னால் ஆற்றுப் பாலம். அதைத் தாண்டினால் நிலையத்தின் கடிகாரமே தெரியும்.

"கணக்குன்னா என்னன்னு இப்பவாவது..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, என் மூக்குக்கண்ணாடிக்கூடு கீழ விழுந்துடுச்சு," என்று மாமனார் குனிந்து காலடியில் துழாவினார்.

பாலத்தின் நட்ட நடுவில் கார் ஒரு தும்மல் தும்மியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நின்றுவிட்டது.

மாமனார் நிமிர்ந்தார். கையில் கண்ணாடிக்கூடு இருந்தது. "தீர்ந்துடுச்சு மாப்ளே," என்றார் துக்கம் விசாரிக்கும் குரலில்.

வாத்தியார் சாவியைத் திருகினார். கர்... கர்... என்றதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். டிக்கி சுத்தமாகத் துடைத்துவிட்டது போலிருந்தது. கேனையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போயிருந்தாள் மகராசி.

போன் செய்தார். "நீ எங்க இருக்க?"

"பிளாட்பாரத்துல. ஏன், கணக்கு இன்னும் வந்து சேரலையா?"

"கேனை எடுத்துட்டு உடனே வா."

"எடை கூடிடுமேன்னு பார்த்தேன்."

அவள் வந்து சேரும்போது மணி பதினொன்று இருபத்தைந்து. பாலம் அடைத்துக்கொண்டதில், எதிர்ப்பக்கமும் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு வாத்தியாரின் கார் வரிசையாக நிறுத்தி வைத்திருந்த வண்டிகளைத் தாண்டி, பெட்டியையும் பையையும் இழுத்துக்கொண்டு அவள் நடந்தே வந்திருந்தாள். கேனை மட்டும் நீட்டினாள். ஐந்து லிட்டரையும் வாத்தியார் ஊற்றினார். பாதி டேங்க்குக்குள் போனது, பாதி அவர் கால்சட்டைக்குள் போனது. சாவியைத் திருகினார்.

கர்... கர்... கர்...

"காத்து புகுந்திருக்கும்," என்றார். காரை ஆட்டினார். மூவருமாகத் தள்ளினார்கள். பின்னால் நின்றவர்களும் கோபத்தில் வந்து தள்ளினார்கள். பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டும் வரை தள்ளியும், கார் அரைத் தும்மல்கூடத் தும்மவில்லை. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகியதில் பேட்டரியும் உயிரை விட்டது.

அப்போதுதான் அந்த நீண்ட கூவல் கேட்டது. பதினொன்று நாற்பது ரயில் பக்கத்துப் பாலத்தின் மேல் கடகடவென்று, ஜன்னல் ஜன்னலாக, அவர்கள் கண்ணெதிரிலேயே போனது. மாமனாருடைய இருக்கை ஒன்று அதில் காலியாகப் போய்க்கொண்டிருந்தது.

"போச்சு," என்றார் மாமனார். "என்ன பண்றது? அங்க போனாலும் வீட்டுல காரும் இல்ல, சொல்றதைக் கேக்கறதுக்கு ஆளும் இல்ல." உடனே கார்ப் பக்கம் நகர்ந்தார். "மாப்ளே, நான் ஒரு நிமிஷம் முன்சீட்டுல உட்கார்ந்து பார்க்கறேனே."

"நீங்க சும்மா இருங்க மாமா. வெயில். அந்தப் பெட்டி மேல உட்காருங்க."

"இல்ல, ஒரே ஒரு நிமிஷம்..."

"அப்பா, உட்காருப்பா!" என்று அதட்டினாள் மகள். மாமனார் உட்கார்ந்தார்.

வாத்தியார் நீல நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். முப்பது பேர் படிக்கும் வகுப்பில், கரும்பலகையில் இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர் முகம் போலிருந்தது அவர் முகம்.

"மாமா, நான் தோத்துட்டேன்," என்றார். "அனுபவம் அனுபவம்தான். லீவு வரைக்கும் இருங்க. முன்சீட்டு உங்களுக்கு. கியரை எப்ப மாத்தணும்னு நீங்களே சொல்லுங்க."

"அடடா, எதுக்கு மாப்ளே அதெல்லாம்..."

"இனிமே இந்தக் கணக்கே வேண்டாம்." நோட்டைச் சுழற்றி ஆற்றில் வீசினார். எத்தனை டேங்க், எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கத்துக் காற்று! எல்லாம் ஒருமுறை மிதந்து, மூழ்கியது.

மாமனார் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நோட்டு மூழ்கிய இடத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மனைவி போன் செய்திருந்தபடியால், தெருமுனை மெக்கானிக் தன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். கையோடு ஒரு பேட்டரியும் கொண்டுவந்திருந்தான்.

"பெட்ரோல் தீர்ந்து நின்னுச்சுப்பா," என்றார் வாத்தியார். "ஊத்தியும் ஏறலை. எல்லாம் என் கணக்குத் தப்பு."

மெக்கானிக் பேட்டரியை மாட்டினான். முன்சீட்டுப் பக்கம் மண்டியிட்டு, காலடிக்கு மேலே இருந்த சின்ன மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"பெட்ரோல் எங்க சார் தீர்ந்துச்சு? பம்ப்போட ஃபியூஸைத்தான் காணோம். அது இல்லேன்னா டேங்க் நிறைய இருந்தாலும் எஞ்சினுக்கு ஒரு சொட்டு வராது."

"ஃபியூஸா? அது எப்படித் தானா காணாமப் போகும்?"

மெக்கானிக் வாத்தியாரைப் பார்க்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவரிடம் போய், கண்ணாடிக்கூட்டுக்காகக் கையை நீட்டினான்.

"என்ன பெரியவரே, ஃபியூஸைக் கண்ணாடிக்கூட்டுல பத்திரமா வச்சிருந்து, ரயில் போனதும் எடுத்த இடத்துலயே மாட்டிடுங்கன்னு அத்தனை தடவை சொல்லிக் குடுத்தேனே, மறந்துட்டீங்களா?"