முருகன் எடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

பிளாக் 21, நெய்வேலி
ஆடி 6, 2014

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைப் புகையோடு குடியிருக்கும் தம்பி தங்கராசுவுக்கு, நிலக்கரித் தூசியோடு குடியிருக்கும் உன் அக்கா மாணிக்கம்மாள் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரி பட்டம்மாளும் சுகம்தானே. என் சுகத்தை மட்டும் கேட்காதே.

ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்கு இங்கே மூன்று வாரமாகச் சண்டை. சிங்கப்பூரில் என் மகள் கமலாவுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் நான் முகம் பார்க்கவில்லை, போட்டோவில் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டே கிடக்கிறது. அவளிடம் இருப்பது ஆப்பிள். "நீங்களும் அதையே வாங்குங்கம்மா, தினம் முகம் பாத்துப் பேசலாம், வேற எதுவும் எனக்குச் சரிப்பட்டு வரல" என்கிறாள். மருமகள் தனபாக்கியத்தின் அண்ணன் வெள்ளைச்சாமி குள்ளஞ்சாவடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன் வந்து உட்கார்ந்து, "அத்தே, ஆப்பிள் கெட்டுப்போனா மெட்ராசுக்குத் தூக்கிகினு போவணும். விண்டோசுன்னா நான் இருக்கறேன்" என்றான். அவன் இருக்கிறான் என்பதுதான் என் பயமே. என் மகன் தமிழ்மாறன் கல்யாணத்தில், தொண்ணூற்று மூன்று ஆவணி பதினொன்று, மாப்பிள்ளையைப் பெற்றவள் என்றும் பாராமல் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவன் அவன்தான். இருபத்தோரு வருஷமாக நான் அந்த இலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பேத்தி இசைப்பிரியாவுக்கு இஞ்சினீரிங் கிடைத்திருக்கிறது. "ஆயா, காலேஜ்ல படம் வரையற சாப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடுமாம்" என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். தமிழ்மாறன் மைன்ஸில் ஷிப்டு முடித்து வந்து, "ஒண்ணுதாம்மா வாங்க முடியும். உனக்கு இன்னா வேணும், அவளுக்கு இன்னா வேணும், நீயே பாத்து சொல்லு" என்றான். பெற்றவளைக் கேட்கிற கேள்வியா இது?

பூக்கட்டிப் பார்ப்போம், முருகன் சொல்லட்டும் என்றேன். மல்லி வந்தால் ஆப்பிள், சிவப்பு ரோஜா வந்தால் விண்டோஸ். நானே வெற்றிலையில் இரண்டு பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, சன்னதியில் வைத்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் குழந்தை ஒன்றை எடுத்தது. பிரித்தால் ரோஜா இதழ். "முருகனுக்கே தெரிஞ்சிருக்குது அத்தே" என்று வெள்ளைச்சாமி சிரிக்கிறான். எனக்கு மனசு வெறுத்துப் போயிற்று. மிச்சப் பொட்டலத்தை அப்படியே வாயில் போட்டு மென்றுகொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நாற்பது வருஷம் கிருத்திகை விரதம் இருந்தவளுக்கு அந்த முருகன் செய்தது இது. இனி அந்தப் பிள்ளை முகத்தை நான் எங்கே பார்க்கப் போகிறேன், நான் செத்தால்தான் அவளும் தூக்கிக்கொண்டு வருவாள்.

கமலாவுக்கு நீதான் போன் போட வேண்டும். "உன் அண்ணன் மேல் தப்பில்லை, தெய்வம் தீர்த்து வைத்தது" என்று அவளிடம் சொல். நான் பேசினால் அழுதுவிடுவேன்.

பட்டம்மாள் முழங்கால் வலி தீரட்டும், உங்கள் வீட்டில் எல்லாம் கரும்பாக இனிக்கட்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது வரை படித்த உன் அக்கா
மாணிக்கம்மாள்

பி.கு: படித்ததும் கிழித்துப் போடு. இரண்டு பொட்டலத்திலும் ரோஜாதான் வைத்தேன். பிள்ளை முகம் எங்கேயும் போகாது, படிப்பு போனால் வராது. இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க வெள்ளைச்சாமி கையை நீட்டினான், அதனால்தான் மென்றேன். நூல் இன்னும் பல்லில் மாட்டியிருக்கிறது. முருகன் தன் கட்சி என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும், அப்பளத்தை நான் மறக்கவில்லை.