ஓட்டமா, வீச்சா?

சொல்லி முடித்த பிறகுதான் லோர்னா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

கோடை முழுக்க அவள் எதையும் வெளியே விட்டதில்லை. மளிகைக் கடையில், தேவாலய வாசலில், பல் மருத்துவர் முன்னால் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோதுகூட. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்த சீசன்ல டுவேன் என்ன பண்ணப் போறான்? ஓட்டமா, வீச்சா?"

வெல்டன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவள் கணவர் டுவேன் குச்சேராதான் கோச். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவதா, முன்னால் ஓடுகிறவனுக்குத் தூக்கி வீசுவதா என்று ஒவ்வொரு முறையும் மைதானத்து ஓரத்தில் நின்று முடிவு செய்பவர் அவர். சீசனின் முதல் போட்டி எப்போதும் பக்கத்து ஊர் ஓக்டேலுடன்தான். பத்து வருடமாக அதில் தோல்வி. இந்த முறையும் தோற்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பள்ளிக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். முதுகில் தட்டிக்கொண்டே சொன்னார்.

டுவேன் லிங்கன் நகரில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து, "இனிமே எல்லாம் புதுசு" என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஊருக்குத் தூக்கம் இல்லை. உள்ளூர் வானொலியில் வெர்ல் ஸ்ட்ரோபெல் தினமும் காலையில் சோளத்தின் விலைக்கும் வானிலைக்கும் நடுவே, ஓட்டமா வீச்சா என்று கணித்துக்கொண்டிருந்தான். நேற்றுக் கணித்ததை இன்று மறுத்தான்.

அன்று பார்லரில் ஜோலீன் அவள் தலையில் நுரையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "என்னமோ புதுசா கத்துட்டு வந்திருக்கானாமே உன் ஆளு?"

லோர்னா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். எதிரே எல்லாம் மங்கலாக இருந்தது. மங்கலாகத் தெரியும்போது மனிதர்கள் தனியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

"என்ன பெரிய புதுசு? முதல்ல ரெண்டு மூணு தடவை வீசச் சொல்வான், ஊருக்குக் காட்ட. ஒண்ணு தவறினா போதும், பயந்துடுவான். பயந்தா மனுஷன் இடது பக்கமா ஓட விட்டுடுவான். கார் ஓட்டும்போதும் அப்படித்தான். வழி தெரியலைன்னா இடது பக்கம் திருப்புவான். ஒரு தடவை டென்வர் போறோம்னு கிளம்பி கான்சஸ்ல போய் நின்னோம்."

ஜோலீன் சிரித்தாள். லோர்னாவும் சிரித்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

பக்கத்தில், தலைக்கு மேல் கவிழ்ந்திருந்த உலர்த்தும் இயந்திரத்தின் அடியில், ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். ஓக்டேல் கோச்சின் மாமியார். ஓக்டேலில் பார்லர் கிடையாது.

ஆர்டிஸ் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்துத் தலையை ஆட்டினாள். எல்லாம் புரிந்துகொண்டவர்களின் சிரிப்பு அது.

"நீ ஏண்டி சொல்லல?" ஆர்டிஸ் போன பிறகு லோர்னா ஜோலீனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்றது? பேசாத, பக்கத்துல எதிரி இருக்கான்னா? அவங்க எனக்கு வாராவாரம் வர்ற ஆளு."

"இப்பவே போன் பண்ணு. நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு."

ஜோலீன் தயங்கித் தயங்கித்தான் போனை எடுத்தாள். "ஆர்டிஸ்? நான்தான். லோர்னா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க... ஆமா, அங்கதான், நீங்க இருக்கும்போதே... அதெல்லாம் உண்மையில்லை."  அந்தப் பக்கம் போன் வைக்கப்படும் சத்தம்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள் ஜோலீன். "நம்பல போல."

வீட்டுக்கு நடக்கும்போது லோர்னா, பயந்துடுவான், பயந்தா இடது பக்கம் என்ற அந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். முப்பது வருடம் கூட இருந்து தெரிந்துகொண்ட ஒரு மனிதர், இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு சுருக்கமாகக் காட்டிக்கொடுக்க முடிந்ததே, அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஒரு பொய்யால் இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் காபிக் கடையில் வெர்லைப் பிடித்தாள்.

"என் பேர் வெளிய வரக் கூடாது. இந்த வருஷம் பூராவும் வீச்சுதான். முதல் பந்தே வீச்சு. அதுவும் சின்னதில்ல, மைதானத்தோட அந்தக் கடைசி வரைக்கும்."

டுவேன் செய்யவே மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்ததிலேயே பெரியது அதுதான்.

"பேரா? சேச்சே. என் தொழில் தர்மம் என்னாகிறது?" என்றான் வெர்ல்.

அடுத்த நாள் காலை வானொலி பேசியது. "கோச்சுக்கு மிக மிக நெருக்கமான, அவரோடு ஒரே வீட்டில் வசிக்கிற, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் நமக்குச் சொன்னது..."

நல்லவேளை, அந்த வரி வந்தபோது டுவேன் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மீதியைக் கேட்டதும் குழாயை மூடினார்.

"இது எப்படி வெளிய போச்சு?"

"எது?"

"முதல் பந்து. நீள வீச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல, லோர்னா. உதவி கோச்சுக்கே தெரியாது. ராத்திரி படுத்துட்டு மனசுக்குள்ள மட்டும் நினைச்சுப் பார்த்துட்டு இருந்தேன்."

லோர்னா மேசையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறை அந்த மனிதர் அவளுக்குத் தெரியாமல் ஒன்று நினைத்திருக்கிறார். அதையும் அவள் பொய் சொல்லப் போய்க் கண்டுபிடித்துவிட்டாள்.

"சரி, விடு," என்றார் டுவேன். முகம் விழுந்திருந்தது. "மாத்திட வேண்டியதுதான். முதல் பந்து ஓட்டம். இடது பக்கம்."

"வலது பக்கம் ஓடினா என்ன?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். வலது பக்கமும் புல்லுதானே?"

அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

இனி ஆளையே மாற்றுவதுதான் வழி. லோர்னா கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். காபிக் கோப்பையை வேறு அலமாரியில் வைத்தாள். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளி, வலது பக்கமாகச் சுற்றித்தான் நாற்காலிக்கு வர முடியும் என்று ஆக்கினாள். டுவேன் முதல் நாள் முழங்காலை இடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் காபியைச் சர்க்கரை டப்பாவில் ஊற்றினார். மூன்றாம் நாள் பயிற்சியில் பையன்களைக் கத்தித் தீர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல என்னமோ ஆயிடுச்சு, லோர்னா. என்னன்னு பிடிபடல. எதைத் தொட்டாலும் இருந்த இடத்துல இல்ல. பேசாம தெரிஞ்சதையே பண்ணிடலாம்னு இருக்கேன். எல்லாமே இடது பக்கம்."

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்ததைச் செய்தாள். மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். அவர் சுருளைப் பிய்த்துச் சில்லியில் தோய்க்கும்வரை காத்திருந்தாள்.

"டுவேன், நான் பார்லர்ல ஒண்ணு சொல்லிட்டேன். ஆர்டிஸ் பக்கத்துல இருந்தா."

"என்ன சொன்ன?"

"பயந்தா நீ இடது பக்கம் போவேன்னு."

அவர் கை அப்படியே நின்றது. சில்லி சொட்டியது. கத்துவார் என்று லோர்னா எதிர்பார்த்தாள். வேலையைப் பற்றி, பள்ளிக் குழுவைப் பற்றி, நாளைய போட்டியைப் பற்றி.

"இடது பக்கம்னதை விடு," என்றார் மெதுவாக. "பயந்தான்னா சொன்ன?"

"ஆமா."

"நான் பயப்படறது வெளிய தெரியுதா?"

"வெளிய தெரியாது. எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கே. மோதிரம் மாத்தி முடிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இடது பக்கக் கதவைத் திறந்த. துடைப்பம் வைக்கிற அறை."

டுவேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ ஒண்ணுமே சொல்லலையே?"

"நானும் உள்ள வந்தேனே."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "சரி. நாளைக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாம சொல்றேன். அப்புறம் யார் கண்டுபிடிக்கிறான்னு பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை மாலை லோர்னா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். முதல் வரிசை, நட்டநடு. எந்த ஊர் மைதானமானாலும் அவளுக்கு அந்த இடம்தான். எதிர்ப்பக்கம் ஓக்டேல்காரர்கள். முன்னால், கோட்டின் ஓரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டுவேன்.

அந்த முதுகு அவளுக்கு மனப்பாடம். வீச்சு என்று முடிவு செய்தால் தோள் கொஞ்சம் ஏறும். ஓட்டம் என்றால் தொப்பியை இழுத்துவிடுவார். எந்தப் பக்கம் என்பதை அவர் பாதம் சொல்லிவிடும். தனக்கே தெரியாமல் முடிவெடுக்கிறேன் என்றாரே தவிர, முதுகிடம் சொல்லி வைக்கவில்லை. ஓட்டம் என்று தெரிந்தால் தானும் கூட ஓடுவதுபோல் அந்தப் பக்கமாகச் சாய்ந்துகொள்வாள். வீச்சு என்றால் அவளால் பார்க்கவே முடியாது. பந்து யார் கையிலும் இல்லாமல் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியைத் தாங்கும் நெஞ்சு அவளுக்குக் கிடையாது. முன்கூட்டியே கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியால் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். பிடித்தார்களா, விட்டார்களா என்பதைக் கூட்டத்தின் சத்தம் சொல்லும்.

டுவேன் சொன்னதைச் செய்தார். முதல் பந்தில் வலது பக்கம் ஓட்டம். ஓக்டேல்காரர்கள் வலது பக்கம் நின்றிருந்தார்கள். அடுத்தது வீச்சு. அவர்கள் வீச்சுக்குக் காத்திருந்தார்கள். நடுவில் ஓடவிட்டார். நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். இடைவேளைக்குள் ஓக்டேல் இரண்டு முறை இறுதிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டது. பின் வரிசையில் பள்ளிக் குழுத் தலைவர் இருமினார். அவருக்கு இருமல் எதுவும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

லோர்னாவுக்குப் புரியவில்லை. இடது பக்கம் என்றுதானே சொன்னாள்? வலதும் நடுவும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு மனிதனின் பயத்தைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாவற்றையும் சொன்ன மாதிரிதானோ? ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதும் அப்படியே போயிற்று. கடைசிப் பகுதி தொடங்கும்போது அவள் எழுந்துவிட்டாள்.

"எங்க போற?" என்றாள் ஜோலீன்.

"என்னால முடியல. என் வாய்தான் இதுக்கெல்லாம் காரணம். உக்காந்து பார்க்க முடியல."

கேலரிக்குப் பின்னால், காபி விற்கும் தட்டிக்கடை ஓரமாகப் போய் நின்றாள். மைதானம் தெரியவில்லை. ஒரு பெரிய கூச்சல் கேட்டது. யார் பக்கத்துக் கூச்சல் என்று புரிவதற்குள் பள்ளி வாத்தியக் குழு புள்ளி எடுத்தால் மட்டும் வாசிக்கும் வெற்றிப் பாட்டைத் தொடங்கியது. வெல்டன் பாட்டு. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. காபி ஆறிப்போனபோது மூன்றாவது முறை. இந்தத் தடவை அது நிற்கவே இல்லை.

ஜோலீன் ஓடி வந்து காபியோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டோம்டி! உன் ஆளு என்ன சொல்றான்னு அவனுங்களுக்கு ஒண்ணுமே புரியல, முழிச்சுக்கிட்டு நின்னானுங்க! தலைவர் டுவேன் முதுகுல தட்டிக்கிட்டே இருக்காரு, நிறுத்தவே இல்ல!"

ஸ்வெட்டரெல்லாம் காபியோடு லோர்னா சிரித்தாள். வேலை தப்பியது. கண் நிறைந்தது. கூடவே ஒரு சின்ன வலியும் இருந்தது. ஒரே ஒரு பகுதி ஆட்டத்துக்கு டுவேன் யாராலும் கணிக்க முடியாத மனிதராக இருந்திருக்கிறார். ஒருவேளை அவளாலும்கூட. அந்த மனிதரைப் பார்க்க அவள் அங்கே இல்லை.

கூட்டம் கலைந்து வரும்போது ஆர்டிஸ் கம்பளியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஆர்டிஸ், அன்னிக்குப் பார்லர்ல நான் சொன்னதுக்கு..."

"என்ன சொன்ன? தலைக்கு மேல அந்த மிஷின் விமானம் மாதிரி ஓடிட்டு இருந்துச்சு, ஒரு எழவும் கேக்கல. ஏதோ பேசறியேன்னு மரியாதைக்குச் சிரிச்சு வச்சேன். அப்புறம் அவ போன் பண்ணி மனசுல வச்சுக்காதீங்கன்றா. என் முடியைத்தான் நீ ஏதோ சொல்லியிருக்கியோன்னு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல."

"அப்ப... உங்க மாப்பிள்ளைக்கு எப்படி..."

"அதைத்தான் கேக்க வந்தேன்," என்றாள் ஆர்டிஸ். "நீ சாயற பக்கம் ஓட்டம், கண்ணாடியைக் கழட்டினா வீச்சுன்னு பத்து வருஷமா உன்னைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு ஆளைத் தொலைநோக்கியோட உக்கார வச்சிருக்காரு எங்க மாப்பிள்ளை, நீ கடைசிப் பகுதி பூரா எங்கம்மா போய்த் தொலைஞ்ச?"