ஒரு சக்கரத்தின் விலை

கடல் வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு போயே தீருவது என்று முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவில்லை. எடுத்து முடிக்க முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று.

நான் லிஃப்ட் இயக்கினவன். ஒன்பது மாடிக் கட்டடம். மேலே போவேன், கீழே வருவேன். கூட்டிப் பார்த்தால் நிலாவுக்கே போய்விட்டுப் பாதி வழி திரும்பியிருப்பேன். முன்னால் மட்டும் ஓர் அடி போனதில்லை. கதவு திறக்கும், மற்றவர்கள் எங்கெங்கோ போவார்கள். மறுபடி மூடும். நான் முக்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ஒரு சாலையைப் பார்ப்பேன். ஒரு பக்கம் தண்ணீர். ஒரு பக்கம் மணல். நடுவில் நீலக் கார், அதற்குள் நான், சன்னலுக்கு வெளியே என் முழங்கை. ஆறாவது மாடிக்காரர் என்னை உலுக்கி, "ஐயா, ஏழாவதுக்கு வந்துட்டோம்" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கார் வாங்கினேன். மூன்று பேர் ஓட்டிக் களைத்த கார். நீலம்தான், வெயில் குடித்துவிட்டு மிச்சம் வைத்த நீலம். அது போகட்டும். சக்கரம்தான் மனசை அரித்தது. அலாய் சக்கரம். மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்பளம், அதிலிருந்து புழு ஊர்ந்த மாதிரி கோடு. என் கனவில் வரும் காருக்கு நாலு நிலா பூட்டியிருக்கும். இதற்கு நாலு சொறிபிடித்த முழங்கால்.

காசு இருந்தது. லிஃப்டில் வந்தவர்கள் கையில் திணித்த சில்லறையை நோட்டாக மாற்றி மாற்றி, அறுபதாயிரம் பழைய யூனிஃபார்ம் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பெட்ரோலுக்கு, அலை சத்தம் கேட்கிற ஓர் அறைக்கு, ஒரு மாசத்துக்கு. வீட்டில் மனைவிக்குத் தெரியாத ஒரே மாடி அதுதான்.

சக்கரம் பழுது பார்க்கிற ஆளை எல்லாரும் டாக்டர் என்பார்கள். அவர் குந்தி உட்கார்ந்து நகத்தால் ஒரு கொப்பளத்தைச் சுரண்டினார். உதிர்ந்தது.

"கல்லு பட்டு பூச்சு விட்டிருக்கு பெரியவரே. அந்த வழியா தண்ணி பூந்து உள்ளுக்குள்ளயே அரிச்சிட்டுப் போவுது."

"மேலாப்புல கொஞ்சம் பெயிண்ட் அடிச்சா?"

"புண்ணு மேல பவுடர் போட்டாப்புல இருக்கும். டயரக் கழட்டணும். பழைய பூச்ச மொத்தமா உரிக்கணும். மணலடிச்சுச் சுத்தம் பண்ணி, பொடி பூசி, அடுப்புல வேக வைக்கணும். அப்புறம் கடைசல் மெஷின்ல முகத்த ஒரு சீவு சீவினா கண்ணாடி."

"எனக்கே இவ்ளோ வைத்தியம் பாத்ததில்லையேப்பா. எவ்வளவு ஆகும்?"

"ஆறாயிரம்."

"நாலுக்குமா?"

அவர் பார்வையில் இரக்கம் இருந்தது. "ஒண்ணுக்கு."

வீட்டுக்கு வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ கேட்டான்?"

"ஆறாயிரம்." இது வரைக்கும் நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.

"நாலுக்கும் சேத்தா?"

"பின்ன?" இதுதான் பொய். ஒன்று சொன்னால் அதற்குத் துணை வேண்டுமே. "நம்ம முகத்துக்காகச் செய்யறான். எத்தன தடவ அவன லிஃப்ட்ல ஏத்தி எறக்கியிருக்கேன்!"

"உங்க முகத்துக்கா?" என்று அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஆறாயிரம் கொண்டுவந்து கையில் வைத்தாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.

என் கையிருப்பிலிருந்து பதினெட்டாயிரம் எடுத்துச் சேர்த்துக் கட்டினேன். அஞ்சாம் நாள் கார் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சக்கரத்துக்குள் மேகம் போயிற்று. ஒரு காக்கை இந்தச் சக்கரத்தில் நுழைந்து அந்தச் சக்கரத்தில் வெளியே வந்தது. சாயங்காலம் பூரா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தேன். கார் தரையை விட்டு நாலு விரல் மேலே மிதந்தது. தூரத்தில் அலை சத்தம்கூடக் கேட்டது.

"ஏங்க!" அலை இல்லை, அவள்தான். "என் தம்பி காரு சக்கரமும் இதே மாதிரிதான் கெடக்கு. செஞ்சு குடுங்க. இந்தாங்க ஆறாயிரம்."

"அவனே போய்ச் செஞ்சுக்கட்டுமே."

"அவன் முகத்துக்கு யாரு கொறைப்பா?"

இன்னொரு பதினெட்டாயிரம் போயிற்று. கடலோர அறையில் பதினைந்து நாள் கரைந்தது. சரி, பாதி மாசமும் கடல் கடல்தானே என்று கண்ணை மூடிப் படுத்தேன். திறந்தால் தலைமாட்டில் ஆறாயிரம்.

"தங்கச்சி காருக்கு."

"அவன் ரேட்ட ஏத்திட்டான்டி."

"உங்களுக்கேவா? என்ன திமிரு அவனுக்கு! இருங்க, செருப்ப மாட்டிட்டு வரேன். நானே வந்து நாலு வார்த்த கேக்கறேன்."

"வேணாம் வேணாம்! நா பேசிக்கறேன்."

"பேசுங்க. உங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல."

பேசினேன். டாக்டர் சிரித்தார். பதினெட்டாயிரம். கையில் ஆறாயிரம் மிச்சம். அதை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம்.

அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். வாஷிங் மெஷின். முன்பக்கம் வட்டக் கண்ணாடி, சுற்றிலும் பளபளவென்று வளையம்.

"ஏது காசு?" என்றேன்.

"தம்பியும் தங்கச்சியும் குடுத்தாங்க."

"சும்மாவா?"

"சும்மா யாருங்க குடுப்பா, இந்தக் காலத்துல?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மாட்டப் போய்விட்டாள்.

மெஷினைப் பார்க்க மச்சான் வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ரொம்ப நன்றி. நானும் கட கடயா ஏறி எறங்கினேன். எல்லா எடத்துலயும் ஒரு சக்கரத்துக்கு ஆறாயிரம்தான். அக்காவும் டாக்டர்கிட்ட மொத நாளே போன் போட்டுக் கேட்டு அதேதான் சொல்லுச்சு. இருபத்திநாலாயிரத்த அப்பவே அக்கா கையில எண்ணிக் குடுத்துட்டேன். சின்னக்காவும்தான். நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க பாருங்க, அதான் வேல சுத்தம்."

என் வயிற்றுக்குள் லிஃப்ட் அறுந்தது. ஒன்பது, எட்டு, ஏழு என்று ஒரு மாடியிலும் நிற்காமல் கீழே போயிற்று. அவர்களிடம் அவள் வாங்கினது நாற்பத்தெட்டு. என்னிடம் கொடுத்தது பன்னிரண்டு. மிச்சம் முப்பத்தாறாயிரம் அதோ, மூலையில் வெள்ளையாக நிற்கிறது.

கேட்கலாம்தான். எப்படிக் கேட்பது? "முப்பத்தாறாயிரத்த ஏன்டி அமுக்கினே?" என்றால், "அந்த முப்பத்தாறாயிரம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்பாள். டாக்டர் நல்ல மனுஷன், அதைக் கடனாக விட்டிருக்கிறார் என்று இன்னொரு பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். ஒன்றுக்கே இவ்வளவு செலவு.

மெஷினுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஏறிற்று. நுரை புரண்டு வந்து மோதியது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. கடல் இவ்வளவு கிட்டத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை. என் நீலச் சட்டை ஒன்று கார் போலக் கரையோரமாகச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. முழங்கை வெளியே தெரிந்தது. கண்ணை அரைவாசி மூடினேன்.

தோளில் அவள் கை விழுந்தது. கோபமில்லாத கை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, அடுத்தாப்புல உங்க பழைய யூனிஃபார்ம் கோட்டப் போடப் போறேன், உள்பையில இருக்கற அந்த மிச்ச ஆறாயிரத்த எடுத்து வச்சிருங்க, நனைஞ்சிரப் போவுது."