காசிக்குப் போனவரை யாரும் கூப்பிடலை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கரமனையில சித்தப்பா பொண்ணு ராஜிக்குக் கல்யாணம். நான் போட்டோ எடுக்கணும்.

அவங்களா கொடுத்த வேலை இல்லை, நானாக் கேட்டு வாங்கினது. டிஜிட்டல் கேமரா திருவனந்தபுரத்துக்கு வந்த புதுசு. சித்தப்பா ஒரு டிஜிட்டல்காரரை ஏற்பாடு பண்ணியிருந்தார். நான்தான் நடுவுல மூக்கை நுழைச்சேன்.

"டிஜிட்டல்ல எடுத்தா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கும் சித்தப்பா. பிலிம்ல எடுத்தாதான் முகத்துல உயிர் இருக்கும்."

சித்தப்பா யோசிச்சார். "மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் சரிடா. காசி யாத்திரையில நான் மாப்பிள்ளை கையைப் பிடிக்கற படம் மட்டும் எனக்குக் கட்டாயம் வேணும். அது வருமோன்னோ?"

"அது வராம எங்க போகும்?"

டிஜிட்டல்காரரை வேண்டாம்னு சொல்லிட்டார், பாவம்.

காசி யாத்திரை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தாலி கட்டறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறியோட, எனக்குச் சம்சாரம் வேண்டாம், காசிக்குப் போறேன்னு தெருவுல இறங்கிடுவார். பொண்ணோட அப்பா வழிமறிச்சு, "என் பொண்ணைத் தரேன், வாங்கோ"ன்னு கூப்பிடுவார். மாப்பிள்ளைக்கு உடனே மனசு மாறிடும்.

காலையில ராஜியை ஜன்னலோரம் உட்கார வச்சேன். கன்னத்துல வெளிச்சம் விழற அழகைப் பார்த்து, எடுத்தேன், எடுத்தேன், எடுத்துண்டே இருந்தேன். பிலிம்ல ஒவ்வொரு படத்தையும் யோசிச்சுத்தான் எடுக்கணும்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன் நான்.

மாப்பிள்ளை தெருவுல இறங்கினார். சித்தப்பா வழிமறிச்சார். கையைப் பிடிச்சார். கண்ணுல தண்ணி. நான் க்ளிக் பண்ணினேன். அடுத்த படத்துக்கு பிலிமை நகர்த்தற லீவரைத் தள்ளினா, நகர மாட்டேங்குது. முப்பத்தாறு படம் முடிஞ்சு போச்சு. இப்போ எடுத்தது முப்பத்தேழாவது, விழுந்தா அதிர்ஷ்டம். பாதியா வெட்டுப்பட்டுப் போறதும் உண்டு.

என் முகத்தைப் பார்த்துச் சித்தப்பா கிட்ட வந்தார். "படம் விழுந்துதா? கேமராவுல பார்த்துச் சொல்லேன்."

"பிலிம்ல அப்படிப் பார்க்க முடியாது சித்தப்பா. கழுவினாத்தான் தெரியும். அந்தக் காத்திருப்புலதான் சுகமே."

அவர் முகத்துல சுகம் எதுவும் தெரியலை.

பேசாம இருந்திருக்கலாம். என் வாய் இருக்கே. "மாப்பிள்ளை, பிலிம் ரோல் மாத்திக்கறேன். மறுபடி ஒரு தடவை காசிக்குக் கிளம்புங்கோ. நான் சொல்றவரைக்கும் நடங்கோ."

மாப்பிள்ளை டிரஷரியில வேலை பார்க்கறவர். சொன்னதைச் சொன்னபடி செய்யற மனுஷன். குடையை விரிச்சு நடந்தார்.

பழைய ரோலைச் சுருட்டி முடிக்காம மூடியைத் திறந்தா எல்லாப் படமும் போச்சு. நான் குனிஞ்சு சுருட்டி, புது ரோலை மாட்டி நிமிர்ந்தா, மாப்பிள்ளை தெருக்கோடியில மெயின் ரோட்டுல நிக்கறார்.

"சித்தப்பா, ரெடி. போய்க் கூப்பிடுங்கோ."

சித்தப்பா நகரலை. "என் பொண்ணைத் தரேன்னு சொன்னேன். அவரும் சரின்னார். மறுபடி போய்க் கெஞ்சினா முதல்ல கேட்டதுக்கு என்ன பேரு? ஒத்திகையா?"

சம்பந்தி மாமா விறைப்பா நின்னார். "கூப்பிடாம என் பையன் எப்படித் திரும்புவான்? எங்காத்துல அந்த வழக்கம் இல்லை."

ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணி வைக்கற வாத்தியாரைப் பார்த்தாங்க. அவர், "போட்டோவுக்காகக் காசிக்குப் போனவாளுக்கு சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலை. முகூர்த்தம் போயிண்டிருக்கு, அதை மட்டும் நான் சொல்லுவேன்"னார்.

கல்யாணம் நின்னா காரணம் நான். தெருக்கோடிக்கு ஓடினேன்.

"மாப்பிள்ளை, வந்துடுங்கோ."

"உங்க சித்தப்பா கூப்பிடலையே"ன்னார் அமைதியா.

அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் வந்து அவர் முன்னாடி நின்னுது. மாப்பிள்ளைக்குக் கண்ணுல மை, தோள்ல மாலை, கையில குடை. கண்டக்டர் அவரை மேலயும் கீழயும் பார்த்து, எங்க போகணும்னு மலையாளத்துல கேட்டார்.

"எவிடேக்கா?"

"காசிக்கு."

"இது கிழக்கேகோட்டை வரையே உள்ளு."

பஸ் கிழக்கேகோட்டையோட சரியாம். பஸ்ல இருந்த எல்லா ஜன்னல்லயும் ஒரு தலை. அதுக்குள்ள பின்னாடி சலசலப்பு. திரும்பினா, மாலை மாத்திக்கத் தயாரா இருந்த ராஜி, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடிச்சுண்டு நடுத்தெருவுல வரா. சித்தப்பா, "உள்ள போடி, நாலு பேர் என்ன சொல்லுவா"ன்னு கத்தறார். அவ காதுலயே வாங்கலை. நேரா வந்து மாப்பிள்ளையோட குடையைப் பிடிச்சு இழுத்தா.

"வெயில்ல நின்னது போதும். வாங்கோ."

மாப்பிள்ளை குடையை மடக்கிண்டு கூடவே நடந்தார். நான் க்ளிக் பண்ணினேன்.

தாலி நேரத்துக்கு ஏறிடுச்சு. ஆனா சாப்பாட்டுப் பந்தி முழுக்க இதே பேச்சு: பொண்ணே தெருவுக்கு வந்து கூப்பிட்டுண்டு போனாளாமே. பாயசம் பரிமாறிட்டு வந்த சித்தப்பா யார் முகத்தையும் பார்க்கலை. நான் மட்டும் வாயை மூடிண்டு இருந்திருந்தா அவருக்கு இந்தத் தலைகுனிவு இல்லை.

பிரிண்ட் வந்ததும் எடுத்துண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ராஜியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தாங்க. சித்தப்பா ஒரு படத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். மாப்பிள்ளை கையை அவர் பிடிச்சிருக்கற படம். கண்ணுல நிக்கற தண்ணி வரைக்கும் தெளிவா விழுந்திருக்கு.

"இது எப்போ எடுத்தது?"

"முதல் தடவை எடுத்ததுதான் சித்தப்பா."

"அப்போ அது வந்திருக்கு."

"வந்திருக்கு சித்தப்பா."

"அப்புறம் எதுக்குடா என் பொண்ணு தெருவுல வந்து நின்னா?"

ராஜிதான் காப்பாத்தினா. "எனக்குப் பயமா போயிடுத்துப்பா. இவர் நிஜமாவே பஸ்ல ஏறிடுவாரோன்னு."

மாப்பிள்ளை காப்பியை ஆத்திண்டே சொன்னார். "ஏறித்தான் இருப்பேன். பஞ்சகச்ச வேட்டியில பாக்கெட் இல்லையே, டிக்கெட்டுக்கு எங்க போறது?"