காற்றுக்கு ஒட்டுப் போட்ட அந்தரத்தக்கா

வன்னி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், காற்றுக்கே ஒட்டுப் போட்ட மனுசி ஒருத்தியைக் காணமாட்டியள், எங்கட அந்தரத்தக்காவைத் தவிர.

கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலை. நான் அங்கே கிளாக்கர், அக்கா களஞ்சியப் பொறுப்பாளர். புதுச்சாமான் எது வந்தாலும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "அந்தரம் ஆபத்துக்கு வேணும், கிடக்கட்டும்" என்பா. அதாலதான் அந்தப் பட்டப்பேர். சண்டைக் காலத்தில் பாதை பூட்டிச் சாமான் வராமல், ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, ஒரு சவர்க்காரத்தை நாலாய் வெட்டிப் பாவித்த மனுசி. அவாவைக் குறை சொல்லி என்ன?

வினை ஏ.சி. பில்டரில் வந்தது. துணித்தூசி பிடிக்கிற அந்தப் பஞ்சுத் தட்டை மூன்று மாதத்துக்கு ஒருக்கா எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அக்கா எறிவாவோ? சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, கொடியில் காயவைத்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவா. தோய்த்துத் தோய்த்து ஓட்டை விழ, தையல் மெஷினில் வைத்துச் சேட்டுத் துணியால் ஒட்டும் போட்டா!

"ஐயோ அக்கா, துணிக்குள்ளால காத்து வராது!" மெக்கானிக் தலையில் கைவைத்தான்.

"ஏன் தம்பி, நீர் போட்டிருக்கிற சேட்டுக்குள்ளால காத்துப் போகேல்லையோ?"

பதில் சொன்னது ஏ.சி.தான். காற்றுக்கு வழியில்லாமல் உள்ளுக்குள் உறைந்து, கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் கூட்டத்தில் பேச எழும்ப, அவருடைய மொட்டையில் சொட்டுச் சொட்டாய் ஊற்றியது. அக்கா ஓடிப்போய்க் குடை பிடித்தா. பில்டரை மட்டும் மாற்றவில்லை.

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் ஒட்டுப் பிய்ந்து தூசி கொட்டியது அக்கா இருக்கிற கதிரைக்கு நேர் மேலே. இருமல் தொடங்கியது.

"உங்கட நெஞ்சுக்காக எண்டாலும் புதுசைப் போடுங்கோவன், அக்கா" என்று கெஞ்சினேன்.

"இருமல் எனக்கு மாரியில வாறதுதான், பிள்ளை. திரும்பவும் பாதையைப் பூட்டினால் பில்டருக்கு எங்கை போறது?"

பாதை திறந்தே கிடந்தது. அக்காவுக்குத்தான் மூச்சு அடைத்தது. இனித் தூசிக்குள் வேலை செய்யக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். அலுமாரித் திறப்பை என்னிடம் தந்துவிட்டு வட்டக்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. அலுமாரியைத் திறந்தால், புதுப் பில்டர்கள் உறைகூடக் கழற்றாமல் அடுக்கடுக்காய்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

போன கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு வாங்கினா.

"புதுசு... போட்டாச்சோ?"

"ஓம் அக்கா, எல்லாம் போட்டாச்சு."

"எல்லாத்தையுமோ! அந்தரத்துக்கு?"

இப்போது களஞ்சியத்துக்குப் புது ஆள் வந்துவிட்டார். கேட்டதை உடனே எடுத்துத் தருகிறார். எனக்குத்தான் அவரிடம் ஒன்றும் கேட்க மனம் வருகுதில்லை.