இரவல் வண்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. சம்பந்தப்பட்ட மனுஷர் இன்றைக்கும் வாசலில் யாராவது செருமினால் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார், பாவம்.

அவர் ஒரு தானியக்காரர். கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம் வாங்கிக் கொடுப்பது தொழில். முன்பக்கம் கிடங்கு, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் அவர் சொன்னதுதான் சட்டம். அந்தப் பக்கம் போய்விட்டால் வீட்டுக்காரி சொன்னது சட்டம். இரண்டு பக்கமும் அவருக்குப் பயம்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் மறைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

காலம் போகிற போக்கைப் பாருங்கள். முட்டை வாங்க வருகிறவர்கள், கோழி என்ன சாப்பிட்டது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கட்டின புருஷன் மத்தியானம் சாப்பிட்டானா என்று கேட்க நாதி இல்லை. கோழிக்கு மட்டும் உரம் போடாத, மருந்து அடிக்காத சோளமாக இருக்கவேண்டுமாம். பண்ணைக்காரர்கள் ஆலையை நச்சரித்தார்கள். ஆலை தானியக்காரரை நச்சரித்தது. இயற்கைச் சோளம் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கிடங்கு நிறையத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் தேடினார். எங்கே போனாலும் அவருக்கு முன்னால் எவனோ வந்து துடைத்துக்கொண்டு போயிருந்தான்.

இத்தனைக்கும் சரக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்காரிக்கு அவள் அம்மா வழியில் வந்த நிலம் ஒன்று உண்டு. உரத்தையும் மருந்தையும் கண்ணில் காட்டாமல் பிடிவாதமாகப் பயிர் வைத்து, விளைந்த சோளத்தைப் பின்னறையில் அடுக்கி வைத்திருந்தாள். கேட்டால் கொடுப்பாள். ஆனால் போன அறுவடையில்தான் இவர் அந்த வண்டு அரித்த கதிரைக் கையில் தூக்கிப் பிடித்து, இதைப் போட்டால் கோழி நம்மையல்லவா கொத்தும் என்று நாலு பேருக்கு முன்னால் சிரித்திருந்தார். சிரித்த வாயால் கேட்க முடியுமா? மீசை இடம் கொடுக்கவில்லை.

ஆகவே ஒரு யோசனை செய்தார். கிடங்கில் பூச்சி மருந்து தெளித்த சாதாச் சோளம் கிடந்தது. அதைத் தரையில் பரப்பி, மின்விசிறியைப் போட்டுக் காற்றாட விட்டார். குனிந்து முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. வாசனை போனால் விஷமும் போன மாதிரிதானே என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, இயற்கை என்று அச்சடித்த சாக்குகளில் அள்ளிக் கட்டினார்.

இடுப்பை நிமிர்த்துகிறார், ஆலையிலிருந்து போன் வருகிறது. நாளைக்குச் சல்லடைக்காரர் வருகிறாராம்.



சல்லடைக்காரர் என்றால் ஆலையின் பரிசோதனை ஆள். கக்கத்தில் சல்லடை, கையில் குத்தூசி. சாக்கில் குத்தூசியைச் சொருகி, வருகிற மணியைச் சல்லடையில் கொட்டி, பேசாமல் ஆட்டுவார். பேசாமல் ஆட்டுவதுதான் பயங்கரம். பூச்சி தொடாததை என் கோழி தொடாது என்பது அவருடைய வேதம். சல்லடையில் ஒரு வண்டாவது உயிரோடு ஊர்ந்தால்தான் அவர் முகம் மலரும். அவரிடம் அகப்பட்ட ஒரு வியாபாரிக்கு அப்புறம் எந்த ஆலையும் கதவு திறக்கவில்லை. அந்த ஆள் இப்போது மாமனார் வீட்டில் இருக்கிறார். அதை நினைத்ததும் நம்மவருக்கு ஈரக்குலை நடுங்கியது. அவருடைய மாமனார் இன்னும் திடமாக இருந்தார்.

சாக்குகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு வண்டு இல்லை. மருந்து இருக்கிற இடத்தில் வண்டுக்கு என்ன வேலை?

சாயங்காலம் நடுக்கதவைத் தாண்டினார். வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வண்டு வேணும்," என்றார்.

அவள் நிமிரவில்லை. "எந்த வண்டு?"

"உன் சோளத்துல ஓடுதே, அது."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. "மீன் பிடிக்க."

"உங்களுக்குத் தண்ணியக் கண்டாலே பயம்."

"கரையில நின்னுதானே பிடிக்கப் போறேன்."

"மீன் சோளவண்டு திங்குமாங்க?"

"இப்ப எல்லாமே இயற்கையாத்தான் கேக்குது."

அவள் மடித்த துணியை வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் சல்லடைக்காரரே தேவலை என்று இருந்தது. ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பின்னறைக்குப் போய்ச் சலித்து, ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உசுரோட குடுக்கறேன். உசுரோட திருப்பிக் குடுக்கணும்."

சாக்குக்கு ஒரு சிட்டிகையாகப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். விடிந்ததும் ஓடிப்போய் முதல் சாக்கைப் பிரித்தார். வண்டுகள் அத்தனையும் மல்லாந்து, கால்களை வானத்துக்கு நீட்டிக் கிடந்தன. அடுத்த சாக்கிலும் அப்படியே. வெறும் சோளமாக இருந்திருந்தால்கூட ஏதாவது கதை விட்டிருக்கலாம். இப்போது சாட்சிகளை அவரே கொண்டுவந்து சாகடித்திருந்தார். வியர்வை கொட்டக் கொட்ட, செத்த வண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் வண்டு எங்கங்க?"

நடுக்கதவில் அவள் நின்றாள்.

"தூங்குது."

"எல்லாமேவா?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. அப்படியே மூட்டைமேல் சாய்ந்து, ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். அவள் அசையாமல் கேட்டாள்.

"உங்க மூக்கை நான் நம்பறதில்ல. வண்டை நம்புவேன். மருந்து இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் நேத்துக் குடுத்தேன். நல்ல சோளமா இருந்திருந்தா இந்நேரம் குடும்பம் நடத்தியிருக்கும்."

காப்பாற்று என்று கெஞ்சினார். என் சோளத்தை முன்னால் வையுங்கள் என்றாள். அவருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. தன் சாக்குகளை அவிழ்த்து மூலையில் குவித்தார். பின்னறை மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். கடைசி மூட்டையை வைக்கும்போதே வாசலில் வண்டி வந்து நின்றது.

சல்லடைக்காரர் குத்தூசியைச் சொருகினார். அது சாக்கில் இறங்கியதோ இல்லையோ, தானியக்காரர் வயிற்றில் இறங்கியது. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். நெஞ்சு வலியா என்று கேட்டார் சல்லடைக்காரர். இல்லை, பழக்கம் என்றார்.

சல்லடை ஆடியது. ஒரு வண்டு நிதானமாக ஏறி, சல்லடைக்காரர் விரலில் நடந்து போனது. அந்த முகம் குழந்தை முகமாக மாறியது.

"யாரோட சரக்கு?"

"எங்க..." என்று தானியக்காரர் ஆரம்பித்தார்.

"என்னோடது," என்றாள் வீட்டுக்காரி. என்ன விதை, என்ன எரு, எங்கே காய வைத்தது, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். சல்லடைக்காரர் தலையாட்டியபடியே திரும்பி, மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார்.

"அது?"

தானியக்காரருக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. இதோ மாமனார் வீட்டுத் திண்டும் தலையணையும் கண்ணுக்குத் தெரிகிறது.

"அது மருந்தடிச்சது. இவரோட சரக்கு. அதை இயற்கைன்னு குடுக்கறதா இல்ல. வேணும்னா இவரையே கேளுங்க."

சல்லடைக்காரர் அவரையே கேட்டார். இல்லை, குடுக்கவே மாட்டேன் என்று தானியக்காரர் கழுத்துச் சுளுக்கும்படி தலையை ஆட்டினார். உண்மை பேசுகிற இடத்தில் வாங்குவதே நிம்மதி என்றார் சல்லடைக்காரர். இனி வருகிற அறுவடையெல்லாம் அம்மாவிடமே நேராக எடுத்துக்கொள்கிறோம், நடுவில் யாரும் வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். நடுவில் இருந்தவர் பையைப் பொத்திக்கொண்டு நின்றார். கையை எடுத்தால் செத்த வண்டுகள் வெளியே வந்து சாட்சி சொல்லிவிடுமே.

"மத்தியானம் லாரி வரும். மூட்டை தூக்க ஆள் இருக்காம்மா?"

வீட்டுக்காரி புருஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். சுருட்டி வட்டமாகச் சும்மாடு கட்டினாள். அவர் தலையில் வைத்து, நழுவாமல் இருக்க ஒரு அழுத்து அழுத்தினாள்.