மகாதேவனின் மூன்று மீட்டர்

மகாதேவன் கணக்குப்படி பஸ் இருபத்தைந்து மீட்டர் ஓடி நின்றது. கைடில் அது இருபத்தெட்டு மீட்டர் ஓடியிருந்தது.

கரும்பலகையை இன்னொரு முறை பார்த்தார். வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் பஸ், பிரேக் போட்டதும் வினாடிக்கு இரண்டிரண்டாக வேகம் குறைகிறது. எப்படிப் போட்டாலும் இருபத்தைந்துதான். ஆனால் எதிரே பதினொரு பிள்ளைகளும் கைடின் விடைப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

மூன்று மாதம் முன்புதான் அவர் ஃபோர்ட்டில் பார்த்துவந்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, மாட்டுங்கா ஃபிளாட்டின் முன்னறையில் பிஸிக்ஸ் டியூஷன் தொடங்கியிருந்தார். இந்தப் பதினொன்றும் போனால் மறுபடி லோக்கல் ரயிலில் தொங்க வேண்டியதுதான். அதுவும் பழைய ஆபீஸ் பெரிய மனசு பண்ணினால்.

"டிரைவரும் மனுஷன்தானே," என்றார். "பிரேக்ல காலை வைக்கவே கொஞ்சம் நேரமாகும். அதுக்குள்ள மூணு மீட்டர் போயிடும்."

பிள்ளைகள் திருப்தியாக எழுதிக்கொண்டார்கள். தன் சமயோசிதம் மகாதேவனுக்கே பிடித்துப்போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மின்சாரம். இருநூறு வோல்ட்டில் நூறு வாட் பல்பு, அரை ஆம்பியர். கைடில் 0.8. பழைய வயரிங் என்றார், கொஞ்சம் கரண்ட் வழியில் கசிந்துபோகும் என்றார். அதற்கடுத்த நாள் குழியாடி. குவியத் தொலைவு பதினைந்து சென்டிமீட்டர் வந்தது, கைடில் பதினெட்டு. கண்ணாடியின் கனத்தை யார் சேர்ப்பது என்று பிள்ளைகளையே கடிந்துகொண்டார்.

தாராவியிலிருந்து வரும் செண்பகம் எழுந்து நின்றாள்.

"சார், எல்லாத்துலயும் கடைசி நம்பர்ல மூணுதான் கூட வருது. இனிமே நாங்களே விடையில மூணைக் கூட்டிக்கிடவா?"

மகாதேவன் அவளை உட்காரச் சொன்னார். அவருக்கே அந்த யோசனை முந்தின நாள் வந்திருந்தது. பி.எஸ்ஸி.யில் தன்னைத் தப்பாகப் பாஸ் பண்ணிவிட்டார்களோ என்ற பயமும் கூடவே வந்திருந்தது.

வெப்பப் பாடத்தில் மூன்றும் கைவிட்டது. இருபது டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர், எண்பது டிகிரியில் ஒரு லிட்டர். இரண்டையும் கலந்தால் ஐம்பது. கைடோ எண்பது என்றது. பாத்திரம் ஏற்கெனவே சூடாக இருந்தது என்று சொல்லி அன்றைய வகுப்பை முடித்தார்.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அம்மிணி, "பச்சத் தண்ணி விட்டும் சூடு குறையாத பாத்திரம் எந்தக் கடையிலன்னு கேட்டு எனக்கும் ஒண்ணு வாங்கிண்டு வாங்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அனந்தநாராயணன் வந்தார். பாங்க் ஆபீசர். மகளின் நோட்டை ஃபைல் பார்ப்பதுபோல் பார்த்திருந்தார். தன் வீட்டில் வெந்நீரை விளாவினால் சூடு குறைகிறது, இங்கே மட்டும் ஏன் குறைவதில்லை என்று கேட்டார். எதிர்க் கட்டிடத்தில் டியூஷன் எடுக்கும் சாருக்கு ஒவ்வொரு விடையும் கைடோடு அப்படியே ஒத்துப்போகிறதாம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த மற்ற பெற்றோரும் வாசலில் நின்று தலையாட்டினார்கள்.

பதினொன்றும் ஒரே நிமிஷத்தில் எதிர்க் கட்டிடத்துக்குப் போவது மகாதேவனுக்குக் கண்ணில் தெரிந்தது. செய்தே காட்டுகிறேன் என்றார்.

ஸ்டவ்வை முன்னறைக்குக் கொண்டுவந்து, ஐஸ் போட்ட தண்ணீரையும் வெந்நீரையும் அளந்து கலந்து, தெர்மாமீட்டரை விட்டார். பாத்திரம் சூடாக இருக்க வேண்டுமே, அதனால் அடுப்பின் மேலேயே வைத்திருந்தார். ஐம்பது. அறுபது. எழுபது. எண்பது. பெற்றோர்கள் முகம் மலர்ந்தது. மகாதேவன் பெருமூச்சு விட்டார்.

எண்பத்திநாலு. தொண்ணூறு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியது. அனந்தநாராயணன் குனிந்து பாத்திரத்துக்கு அடியில் பார்த்தார்.

"அடுப்பை அணைச்சுட்டுக் காட்டுங்கோ."

மகாதேவன் அணைத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"ஐம்பதுதான்," என்றார். "பஸ் இருபத்தைந்து மீட்டர்தான், பல்பு அரை ஆம்பியர்தான். எனக்குத் தெரிஞ்ச பிஸிக்ஸ்ல இதுதான் வரும். மத்ததெல்லாம் நான் கைடுக்குப் பயந்து சொன்னது. பிள்ளைகளைக் கூட்டிண்டு போறதுன்னா போங்கோ."

சொல்லி முடித்ததும் அவருக்கு அப்படியொரு நிம்மதி. பதினொன்றும் போனால் போகட்டும். இனி எந்த டிரைவரும் அவருக்காகத் தாமதமாக பிரேக் போட வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குச் சோறு இறங்கும் என்று தோன்றியது.

அனந்தநாராயணன் மகளிடம் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்போது வாசலில் நின்றிருந்த செண்பகத்தின் அப்பா இசக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகளின் கையிலிருந்த கைடை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் மை.

"சார் சொல்லதுதான் சரி. இதுக்கு அச்சுக் கோத்தது நான்தான். கேள்விய முடிக்கதுக்குள்ளயே பிரஸ்ல இருந்த அஞ்செல்லாம் தீந்துபோச்சு, விடைக்கு எட்டா எடுத்துப் போட்டேன். அந்த எதுத்த வீட்டு சாருக்கு மட்டும் எப்படி எல்லாம் சரியா வருதுன்னுதான் எனக்கு வெளங்கல."